உறுப்பினர் இல்லாத நாள்களில் எது குறைந்தது?

2023 மார்ச் 20ஆம் திகதி காலையில் இலங்கையில், எல்பிட்டிய தவிர, வேறெந்தப் பிரதேச சபையிலும் ஓர் உறுப்பினர்கூட இல்லை. மாநகர முதல்வர் இல்லை, நகர சபைத் தவிசாளரும் இல்லை. முந்தின நாளோடு அவர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்திருந்தது. 2025 ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகள் இயங்கத் தொடங்கும்வரை, அதாவது இரண்டு ஆண்டுகளும் இரண்டரை மாதங்களும், செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளைக் கொண்டு நடத்தினார்கள். இடையில் 2024 ஒக்டோபரில் தனியாக வாக்கெடுப்பு நடந்த எல்பிட்டிய பிரதேச சபை மட்டும் விதிவிலக்கு.

அந்தக் காலத்திலும் குப்பை உழவு இயந்திரம் வந்தது. சந்தையில் குத்தகைக்காரர் வழக்கம்போலக் காசு வாங்கினார். வாசிகசாலையில் பத்திரிகை கிடந்தது. சோலைவரிக்குச் சிட்டை எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான ஒழுங்கைகளில், 'எங்கள் வட்டாரத்து உறுப்பினர் எங்கே போனார்?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிதாகத் தெரிவாகியிருக்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கடமையைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டிய இடம் இது. மாலையும் பொன்னாடையும் ஓய்ந்த பிறகாவது, 'நான் இல்லாதபோது இந்த ஊருக்கு எது குறைந்தது?' என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப்பார்க்க வேண்டும். மக்களும் ஒருவகையில் அதற்கு விடை சொல்லிவிட்டார்கள். 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாக்களித்தார்கள். 2025 மே 6ஆம் திகதி அது ஆறு பேரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது.

இத்தனைக்கும் இந்தத் தேர்தல் நீதிமன்றம்வரை போய்க் கிடைத்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த வாக்கெடுப்புக்குப் பணம் இல்லை என்று அரசாங்கம் கைவிரித்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேட்புமனு கொடுத்துவிட்டு அந்தரத்தில் நின்றார்கள். அவர்களில் அரச ஊழியர்களாக இருந்தவர்களின் பாடு பெரும் திண்டாட்டம். அன்றைய நிதியமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டார்கள் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வேட்புமனுக்கள் இரத்தாகி, புதிதாக மனுக் கோரப்பட்டு, 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. கல்முனை மாநகர சபை மட்டும் வழக்கில் மாட்டிக்கொண்டது. இவ்வளவு போராடிப் பெற்ற வாக்குரிமையை நாலில் மூன்று பங்கினர்கூடப் பயன்படுத்தவில்லை என்றால், வாக்காளரைச் சோம்பேறி என்று திட்டுவதில் பயன் இல்லை. முந்தின சபையில் இருந்தவர்கள் தங்கள் தேவையை ஊருக்கு உணர்த்தவில்லை என்பதுதான் என் கணிப்பு.

அதிகாரி ஒருவர் சபையைத் திறமையாக நடத்தலாம். சில செயலாளர்கள் சில தவிசாளர்களைவிட நன்றாகவே நடத்தினார்கள் என்பதை ஊர்ச்சனங்கள் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். ஆனால் செயலாளர் மேலே உள்ளவருக்குத்தான் கணக்குச் சொல்வார்: உள்ளூராட்சி ஆணையாளருக்கு, மாகாணத் திணைக்களத்துக்கு, கணக்காய்வுக்கு. 'ஏன் அந்த ஒழுங்கைக்கு விளக்குப் போட்டீர்கள், எங்கள் ஒழுங்கைக்குப் போடவில்லை?' என்று கேட்கும் தாய்க்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அந்தப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்ட ஒரே ஆள் உறுப்பினர். அதற்காகத்தான் சட்டம் அவரைப் படைத்திருக்கிறது. மற்றதெல்லாம் அவர் இல்லாமலே நடக்கும்.

எடுத்துக்காட்டாக, வலிகாமத்தில் ஏதோ ஓர் ஒழுங்கை பெரிய வீதியோடு சேரும் முனையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அங்கே முழங்காலளவு வெள்ளம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கடக்கிறார்கள். முனையில் இருக்கும் வீட்டுப் பெண் குடையோடு பிரதேச சபைக்குப் போகிறார். 'ஒழுங்கை எங்களுடையது, மதகு எங்களுடையதில்லை' என்கிறார்கள். இந்நாட்டில் வீதிகளுக்குச் சாதிபோல ஒரு வகுப்புப் பிரிவு உண்டு. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, அதற்குக் கீழே உள்ளவை உள்ளூராட்சி சபைக்கு. மதகு பெரிய வீதிக்குக் கீழே ஓடுவதால் அது மேல்வகுப்பு. அங்கே போனால், 'மதகு சுத்தமாகத்தான் இருக்கிறது, ஒழுங்கை வாய்க்காலை வெட்டிவிடச் சொல்லுங்கள்' என்கிறார்கள். வாய்க்கால் ஊர்க்குளத்துக்குப் போகிறது. குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. குளத்துக்குப் போகிற வழியை மறித்து ஒருவர் மதில் கட்டியிருக்கிறார். மதிலுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று தேடினால் கதை மறுபடி பிரதேச சபை வாசலுக்கே வந்து சேர்கிறது. அதற்கிடையில் யாரோ, 'பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கோ அக்கா' என்று வேறு அனுப்பிவிடுவார்கள். சபை வேறு, செயலகம் வேறு என்பது படித்தவர்களுக்கே பலநேரம் பிடிபடாத விஷயம்.

அந்தப் பெண்ணால் நான்கு அலுவலகங்களுக்கும் ஏறி இறங்க முடியும். நான்கு அலுவலர்களையும் ஒரே நேரத்தில், ஒரே முனையில், தண்ணீர் நிற்கும்போதே கொண்டுவந்து நிறுத்த அவரால் முடியாது. உறுப்பினரால் முடியும். அவருக்கு வாகனம் இல்லாமல் இருக்கலாம், பெரிய கொடுப்பனவு இல்லாமல் இருக்கலாம். ஆனால் தெரிவு செய்யப்பட்டவர் என்ற தகுதி இருக்கிறது. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைத்து, 'நாளை காலை எட்டரைக்கு அந்த முனையில் நிற்கிறேன், வாருங்கள்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது. வராவிட்டால் அடுத்த அமர்வில் பெயர் சொல்லிக் கேட்டுக் கூட்டறிக்கையில் பதியவைக்கும் உரிமையும் இருக்கிறது. வருடம் முழுக்க இப்படி நான்கு முனைகளைச் சீர்செய்த உறுப்பினரை அடுத்த தேர்தலில் தோற்கடிப்பது கடினம். இது புத்தக அறிவு அல்ல, எந்தக் கட்சியின் பழைய அமைப்பாளரும் சொல்லக்கூடிய விஷயம்.

தெருவிளக்கும் அப்படித்தான். கம்பம் மின்சாரசபைக்காரருடையது, குமிழ் சபையுடையது. உறுப்பினருடைய ஆதரவாளர் வீட்டு வாசலில் மூன்று விளக்கு எரிவதும், ஒழுங்கையின் மறுமுனை இருண்டு கிடப்பதும் ஊரில் எல்லாரும் கண்ணால் காணும் காட்சி. வாக்கு எங்கே விழுந்தது என்பதை விளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெரிவான நாளிலிருந்து அவர் வட்டாரத்துக்கு உறுப்பினர். தன் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர்களுக்கு மட்டும் அல்ல. இதை மேடையில் சொல்லாத அரசியல்வாதி கிடையாது. விளக்குப் பட்டியலில் காட்டுகிறவர்கள்தான் குறைவு.

பல சபைகளில் இன்னொரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அபிவிருத்திக்கு ஒதுக்கிய பணத்தை உறுப்பினர் தொகையால் பிரித்து, 'தலைக்கு இவ்வளவு' என்று கொடுத்துவிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சண்டையும் வராது. ஆனால் ஏற்கெனவே கொங்கிறீற் போட்ட ஒழுங்கைகள் உள்ள வட்டாரத்துக்கும், இன்னும் மணல் பாதையில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் வட்டாரத்துக்கும் ஒரே தொகை போகிறது. துண்டு துண்டாகப் போன பணத்தில் ஐம்பது மீற்றர் வீதி, அதற்கு ஒரு பெயர்ப்பலகை, திறப்பு விழாவுக்கு ஒரு நாடா. ஊர் முழுவதற்குமான வடிகால் திட்டம் ஒன்றுக்குச் சேர்த்து ஒதுக்கச் சொன்னால், 'என் பங்கு எங்கே?' என்று கேட்கிறார்கள். இந்தப் பங்கு பிரிப்பை முதல் ஆண்டிலேயே நிறுத்தத் துணியும் சபை எதுவோ அதைப் பாராட்டி நான் தனியாக எழுதத் தயார்.

சபை மண்டபத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதாந்த அமர்வில் சர்வதேசத்துக்கும் கொழும்புக்கும் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. வடக்கு, கிழக்கில் அவற்றுக்கு ஒரு தேவை உண்டு. மாகாண சபைகளுக்கு நீண்ட காலமாகத் தேர்தலே நடக்காத நிலையில், மக்கள் தெரிவு செய்த ஒரே உள்ளூர் மன்றம் தன் குரலை எழுப்புவதைக் குறைசொல்ல நான் வரவில்லை. என் முறைப்பாடு வேறு. தீர்மானத்துக்கு இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள் பாதீட்டுப் புத்தகத்தை இருபது நிமிடமாவது புரட்டுவதில்லை. பாதீட்டுக்கு வாக்களிக்கும்போது அவர்கள் பார்ப்பது எண்களை அல்ல, எதிரே இருப்பவரின் முகத்தை.

யாழ்ப்பாண மாநகர சபையின் அண்மைய வரலாறே இதற்குச் சாட்சி. 2018இல் வந்த சபையில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டு முதல்வர் பதவியிழந்தார். அடுத்து வந்தவரும் 2022 முடிவில் பாதீட்டுத் தோல்வியைத் தொடர்ந்து விலகினார். ஒரே பதவிக்காலத்தில் பாதீடு என்பது ஆளை இறக்கும் கயிறாகிவிட்டது. எந்த ஒதுக்கீட்டைக் கூட்டவேண்டும், எதைக் குறைக்கவேண்டும் என்ற விவாதத்தில் அந்தப் பாதீடுகள் விழவில்லை. 2025இல் வந்த சபையிலும் நிலைமை இலேசானதல்ல. மொத்தம் 45 உறுப்பினர்கள். அதிக ஆசனம் வென்ற கட்சிக்கே பதின்மூன்றுதான். பெரும்பாலான சபைகளில் இப்படித் தனிப் பெரும்பான்மை இல்லாத கணக்குத்தான். இது ஒருவகையில் நல்லது, ஒரு கட்சி நினைத்ததெல்லாம் செய்துவிட முடியாது. ஆனால் எதிரணியில் இருப்பவர் தன் வேலை ஆளைக் கவிழ்ப்பது என்று நினைத்தால் நான்கு ஆண்டும் அப்படியே போய்விடும். பாதீட்டை எதிர்க்கிறவர் எந்தத் தலைப்பில் எவ்வளவு மாற்றக் கேட்டேன், ஏன் கேட்டேன் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். கொடுக்காதவரின் எதிர்ப்பை ஊர் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

பாதீடு என்றதும் வரியையும் சொல்ல வேண்டும். சோலைவரி அறவிடுவதில் உறுப்பினர்களுக்கு உள்ள கூச்சம் சொல்லி மாளாது. மறுமதிப்பீடு என்ற சொல் வந்தாலே, 'சனத்தின் கஷ்டம் தெரியாதா?' என்று எழும்புவார்கள். சனத்தின் கஷ்டம் உண்மைதான், 2022 நெருக்கடியின் தழும்பு இன்னும் ஆறவில்லை. ஆனால் நிலுவை வைத்திருப்பவர்களில் பிரதான வீதியில் மூன்று மாடிக் கட்டடம் வைத்திருப்பவரும் இருக்கிறார். அவரையும் விதவைத் தாயையும் ஒரே கூடையில் போட்டு இருவருக்காகவும் கண்ணீர் வடிப்பது யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. ஊழியர் சம்பளத்துக்கு மத்திய அரசின் பணத்தையும், வேலைக்கு மாகாணத்தின் முத்திரைத் தீர்வைப் பங்கையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் சபை, தனக்குச் சேரவேண்டிய வரியையும் கேட்கக் கூசினால், சுயாட்சியைப் பற்றி மேடையில் பேசும்போது சற்றுத் தாழ்ந்த குரலில் பேசுவது நல்லது.

2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளூராட்சித் தேர்தலில் 60க்கு 40 என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அறுபது வீதத்தினர் வட்டாரத்தில் நேரடியாக வென்று வருகிறார்கள். நாற்பது வீதத்தினர் விகிதாசாரப் பட்டியலில் வருகிறார்கள். சபைகளின் உறுப்பினர் தொகை இதனால் ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் இல்லை. ஒழுங்கை வெள்ளத்துக்கு அவரைப் பிடிக்க முடியாது. 'நான் முழுச் சபைக்கும் உறுப்பினர்' என்று சொல்லிவிடுவார், அதாவது எந்த இடத்துக்கும் இல்லை. இதற்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டியல் உறுப்பினர்கள் வட்டார எல்லை தாண்டிய வேலைகளை எடுத்துக்கொள்ளலாம்: குப்பை மீள்சுழற்சி, நூலகங்கள், முன்பள்ளிகள், சந்தை. பிரதேச சபைச் சட்டம் சொல்லும் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் குழுக்களில் உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்க்க இடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியியலாளர், சுகாதாரப் பரிசோதகர், நூலகர் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் வீட்டில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு பட்டியல் உறுப்பினர் முன்வரலாம்.

அதற்கு முந்தைய 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டைத் தந்தது. 2018க்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இன்று ஐந்தில் ஒருவருக்கு மேல். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாக வந்தவர்கள் என்பதால், 'கோட்டாவில் வந்தவர்' என்று ஒரு முத்திரை. நிகழ்ச்சிநிரலில் பெண் உறுப்பினரின் பிரேரணை கடைசியில் கிடக்கும். அதற்குள் தேநீர் நேரம் வந்துவிடும். ஆண் தவிசாளர்களே, ஊரில் தண்ணீர் வராவிட்டால், குப்பை எடுக்காவிட்டால், நுளம்பு பெருகிப் பிள்ளைக்கு டெங்கு வந்தால் முதலில் அல்லல்படுவது யார்? சபை செய்கிற வேலையில் பாதி, வீட்டில் பெண்கள் படுகிற பாட்டோடு சம்பந்தப்பட்டது. அந்தப் பிரேரணையை நிரலில் முதலில் வையுங்கள், ஒரு வருடம் வைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பதவிகளுக்கு இரத்தமும் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1975இல் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 1998இல் நடந்த தேர்தலில் முதல்வராகிய சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுக்குப் பலியானார். குப்பை, வாய்க்கால், விளக்கு என்ற வேலைக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், இன்று ஒரு குத்தகைக்காரரின் முறைப்பைத் தாங்குவது பெரிய வீரம் அல்ல.

மலையகத்தில் கதை வேறு மாதிரி. அங்கே உறுப்பினர் இருந்தும் சபை இல்லாத நிலைதான் முப்பது ஆண்டு நிலவியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களைச் சபையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தது. லயத்தில் இருப்பவர் வாக்குப் போடலாம், அவர் வாக்கில் ஆள் வெல்லலாம், ஆனால் அந்த லயத்துக்குப் போகும் பாதையில் சபை தன் காசில் ஒரு கல் போட முடியாது. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. 2018இல் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகே தோட்டங்களுக்குள்ளும் பாதை, கிணறு போன்றவற்றைச் செய்யச் சபைக்கு வழி பிறந்தது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பென்னம்பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்கும் தனிச் சபைகள் வந்தன. அந்தக் கதவு திறந்தபின் வந்த முதல் சபை கொரோனாவிலும் பொருளாதார நெருக்கடியிலும் மூழ்கிப்போனது. ஆகவே சட்டம் தந்த அதிகாரத்தைச் செயலில் காட்டும் பொறுப்பு இப்போது வந்திருப்பவர்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. 'துரை விடமாட்டார்' என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. நிர்வாகத்தோடு பேசி, எழுத்தில் கேட்டு, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி அமர்வில் வைக்கவேண்டும். தொழிற்சங்கம் வேறு, சபை வேறு என்பதையும் அங்குள்ள உறுப்பினர்கள் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சந்தாப் பிடிக்கும் சங்கத்தைப் பார்த்து லயத்துக்குப் பாதை ஒதுக்கினால், பழைய சட்டத்தின் அநியாயத்தைப் புதுச் சட்டத்தில் தொடர்ந்ததாகிவிடும்.

சபைகள் அமைந்து ஆறு மாதம் முடியுமுன்னே முதல் பரீட்சை வந்தது. 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைச்சரிவுகள் ஊர்களை மூடின, ஆறுகள் நகரங்களுக்குள் புகுந்தன. புயலுக்கு எந்த உறுப்பினரும் பொறுப்பல்ல. சமைத்த உணவும் உலர் உணவும் சுமந்துபோனவர்கள் பலர், அவர்களுக்கு நன்றி. ஆனால் உணவுப் பொதி யாரும் கொடுக்கலாம். கட்டட அனுமதி கொடுப்பது சபையின் பொறுப்பு. மலைநாட்டில் சரிவான நிலத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிக்கை தேவை. சமவெளியில் நீரோடும் வழியில் மண் கொட்டக்கூடாது. 'எங்கட ஆள், பார்த்துச் செய்யுங்கோ' என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒரு உறுப்பினர் மெல்லிய குரலில் சொன்ன ஒவ்வொரு தடவையும் வாய்க்கால் ஒன்று சுருங்கியது. யாழ்ப்பாண நகரத்தின் பழைய குளங்கள் பலவற்றைக் காணோம். அவை தாமாக ஆவியாகிப் போய்விடவில்லை. உறுப்பினருக்கு உள்ள அதிகாரங்களில் மிகப் பெரியது 'இல்லை' என்று சொல்வது. அதிகம் பயன்படாமல் கிடப்பதும் அதுதான்.

'இல்லை' என்று சொல்ல இன்னொரு இடமும் உண்டு. ஊரில் கை ஓங்கியவர்கள் சொல்வதையே சபை கேட்டு நடக்கும் பழக்கம் வடக்கில் புதிதல்ல. 2017இல் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள், தங்கள் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள மயானத்தை அகற்றக் கேட்டு நீண்ட நாள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். மயானத்தைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபையின் அன்றாட வேலை. அந்த வேலைக்குள் சாதி எவ்வளவு ஆழமாகப் புதைந்திருக்கிறது என்பதை அந்தப் போராட்டம் வெளியே கொண்டுவந்தது. சாதியைப் பற்றிப் பேசினால் தமிழர் ஒற்றுமை குலைந்துவிடும் என்று வாய்மூடி இருப்பவர்கள் சபைக்குப் போவதில் பொருளில்லை. எந்தக் குடியிருப்புக்குக் கடைசியாகத் தண்ணீர்க் குழாய் போகிறது, எந்த ஒழுங்கையில் கடைசியாகக் குப்பை எடுக்கிறார்கள், சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்களின் பிள்ளைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒருநாள் நடந்து பார்த்தால் போதும். தற்காலிக ஊழியர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கையுறைகூட இல்லாமல் குப்பை அள்ளுகிறவருக்கு, சபைதான் முதலாளி. நல்ல முதலாளியாக இருப்பதும் உறுப்பினரின் கடமைதான்.

சபைகள் என்றால் வாய்க்காலும் விளக்கும் மட்டுமா என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஓர் உள்ளூராட்சி சபையின் சொத்து. 1930களில் க. மு. செல்லப்பா என்ற நீதிமன்றக் காரியதரிசி தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலை சபையின் பொறுப்புக்கு வந்தது. யாழ்ப்பாணத்தின் முதல் மாநகர முதல்வர் சாம். ஏ. சபாபதி அதற்கு ஒரு பெருங்கட்டடம் எழுப்பக் கனவு கண்டு, களியாட்ட விழா நடத்தியும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் பணம் திரட்டியவர்களுக்கு முன்நின்றார். ஆலோசனைக்கு நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இந்தியாவிலிருந்து வந்தார். 1959இல் கட்டடம் திறந்தது. அந்த நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது, அதுவும் ஓர் உள்ளூர்த் தேர்தல் காலம்தான். மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. 97,000 நூல்கள் சாம்பலாயின. எரித்தவர்களை வரலாறு மறக்கவில்லை. கட்டியவர்களை நாம் மறந்துவிட்டோம். ஒரு மாநகர முதல்வரும் சில உறுப்பினர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, அரசாங்கத்தின் வாயைப் பார்க்காமல், தென்னாசியா அறிந்த ஒரு நூலகத்தைக் கட்டினார்கள். இன்று ஒரு பிரதேச சபையின் கிளை நூலகத்துக்குப் போய், அங்கே கடைசியாகப் புதுப் புத்தகம் எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள். உங்கள் உறுப்பினர் அந்தப் படியில் எத்தனை தடவை ஏறினார் என்றும் நூலகரிடம் கேளுங்கள்.

உறுப்பினர்களுக்கு அறிவுரை சொல்லி முடித்துவிடலாம், அது இலகு. ஆனால் அவர்களைத் தனியே விட்டால் இந்த நான்கு ஆண்டும் முந்தின ஐந்து ஆண்டைப் போலத்தான் போகும். சபை அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. போய் உட்கார யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. பார்வையாளர் வாங்கு பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். உறுப்பினர்களின் வரவுப் பதிவு, கூட்டறிக்கை, வீதி வேலையின் மதிப்பீடு, குத்தகை விலை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் சொத்து விபரமும் கொடுக்கவேண்டும். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் என்று நம்மிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு சங்கமும் மாதம் இருவரை அமர்வுக்கு அனுப்பினால் போதும், மண்டபத்தில் பேச்சின் தரமே மாறிவிடும். பார்க்க ஆள் இருக்கும்போது பாதீட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பது கஷ்டம்.

உங்கள் சபையின் அடுத்த அமர்வு எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். அன்று உங்கள் வட்டாரத்து உறுப்பினர் வருகிறாரா, வந்தால் வாய் திறக்கிறாரா என்று போய்ப் பாருங்கள்.